எண்ணி வெட்டுங்கள்: பைக்குக்கு வீட்டிலேயே புதுச் செயின் மாட்டும் முறை

முதல் முறை நானே செயின் மாற்றியபோது, பழைய செயினையும் புதியதையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தேன். பழையது எங்கே முடிந்ததோ அதற்கு நேராகப் புதியதில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டில் வெட்டினேன், மாட்டினேன், ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். மாட்டும்போதே பின்சக்கரம் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் தள்ளி நின்றது. புதுச் செயின் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன். சில மாதங்கள் கழித்துச் செயின் தொய்ந்தது. இறுக்கலாம் என்று உட்கார்ந்தால், பின்சக்கர அச்சு, அதை நகர்த்தி இறுக்குகிற நீளத் துளையின் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். குனிந்து பார்த்தார்.

"அளந்தா வெட்டின தம்பி? எண்ணியில்ல வெட்டணும்!"

அவ்வளவுதான் விஷயம். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலை. கை பழகினால் வந்துவிடும். எண்ணுவதில் தப்பினால் மட்டும் செயினுக்குக் கொடுத்த காசு போய்விடும்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

"செயின் இழுத்திடுச்சு" என்று சொல்கிறோம். உண்மையில் இரும்புத் தகடுகள் ரப்பர் மாதிரி நீள்வதில்லை. செயினுக்குள் ஒவ்வொரு மூட்டிலும் பின் என்கிற ஒரு சின்ன ஆணி, அதைச் சுற்றி புஷ் என்கிற ஒரு சின்னக் குழாய், அதன்மேல் உருளும் ஒரு ரோலர். சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. பின்னும் புஷ்ஷும் உரசித் தேயத் தேய, ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை இடைவெளி விழுகிறது. ஒரு கண்ணிக்கு, அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள துண்டுக்கு, கால் மில்லிமீட்டர்தான். நூற்றுச் சொச்சம் கண்ணிகளில் அது சேர்ந்தால் மூன்று சென்டிமீட்டர்.

இதை அளப்பது எளிது. உங்கள் வண்டியில் 428 என்ற வகைச் செயின் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் ஓடும் 100 முதல் 160 சிசி வண்டிகளில் பெரும்பாலும் அதுதான். செயினை இழுப்பாக வைத்துக்கொண்டு ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து, அதிலிருந்து இருபது கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு வரை அளவுங்கள். புதுச் செயினில் இது 254 மி.மீ. வரும். 259ஐத் தொட்டால் 2 சதவீதம் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். உங்கள் வண்டியின் கையேடு அதைவிடக் குறைவான எல்லை சொன்னால் கையேட்டின் பேச்சையே கேளுங்கள். சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளப்பது முக்கியம், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது.

ஸ்கேல் இல்லையா? பின் பல்சக்கரத்தின் கடைசியில், சரியாக அதன் பின்விளிம்பில், செயினை விரலால் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிகிற அளவு செயின் தூக்கிக்கொண்டு வந்தால் அதன் காலம் முடிந்தது. அப்புறம் பற்களையும் பாருங்கள். புதுப் பல் இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் இருக்கும். தேய்ந்த பல் சுறாவின் முதுகுத் துடுப்பு போல ஒரு பக்கமாக வளைந்து கூராகியிருக்கும்.

கடையில் "செயின் மட்டும் போதும்" என்று சொல்லி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அது சீக்கிரமே பழைய செயினாகிவிடும். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றும் சேர்ந்த செட்டாகவே வாங்குங்கள். பற்கள் புதிது மாதிரியே இருக்கின்றன, ஏதோ விபத்தில் செயின் மட்டும் சேதம் என்றால் மட்டுமே விதிவிலக்கு.

செயினில் பொறித்திருக்கும் எண்

பழைய செயினின் பக்கத்தகட்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 428, 428எச், 520 என்று ஏதாவது பொறித்திருக்கும். இதைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதல் இலக்கம், ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை உள்ள தூரம். அங்குலத்தை எட்டாகப் பிரித்த கணக்கு. 4 என்றால் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. 5 என்றால் எட்டில் ஐந்து, 15.875 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கங்கள் உள்தகடுகளுக்கு நடுவே பல் நுழையும் அகலத்தைச் சொல்கின்றன. 20 என்றால் 6.35 மி.மீ., 25 அல்லது 28 என்றால் 7.94, 30 என்றால் 9.53. ஆக, டியூக் 390, இன்டர்செப்டர் 650 போன்ற வண்டிகளில் வரும் 520 செயின் ஸ்பிளெண்டரின் 428ஐவிடப் பெரியதாக இருந்தாலும், பல் நுழையும் இடம் அதைவிடக் குறுகியது. ஒன்றின் பல்சக்கரத்தில் மற்றது உட்காரவே உட்காராது.

கடைசியில் வரும் 'எச்' தகடு தடிமன் கூடியது என்பதற்கு. 428 இருந்த இடத்தில் 428எச் போடலாம். மூடிய செயின் பெட்டி உள்ள வண்டியில் மட்டும் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எச் இருந்த இடத்தில் எச் இல்லாததைப் போட்டுச் சிக்கனம் செய்ய வேண்டாம்.

ஓ-ரிங் வகை செயினில் உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே ஒவ்வொரு மூட்டிலும் சின்ன ரப்பர் வளையம் தெரியும். உள்ளே ஆலையில் அடைத்த கிரீஸை வெளியே விடாமல் காப்பது அதன் வேலை. விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். மழையிலும் மண்சாலையிலும் ஓடுகிற வண்டிக்கு அந்தக் கூடுதல் காசு நியாயம்தான். நல்ல செயினைத் தேடி வெளிநாட்டுப் பெயர்களின் பின்னால் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. கோயம்புத்தூர் எல்ஜிபியின் ரோலான், சென்னை அம்பத்தூரின் டிஐடிசி இரண்டும் நம் மாநில நிறுவனங்களின் தயாரிப்புகள்தான்.

எத்தனை கண்ணி?

இங்கேதான் நிதானம் வேண்டும்.

வண்டிக்கென்றே வரும் செட்டில் பல நேரம் செயின் சரியான நீளத்தில் வெட்டியே இருக்கும். அப்படியானாலும் எண்ணுங்கள். பொதுவாக விற்கும் செயின் 120 கண்ணியில் வரும், அதை நாம்தான் குறைக்க வேண்டும்.

எண்ணும் முறை: செயின் வண்டியிலேயே இருக்கட்டும். ஒரு பின்னின் தலையில் வெள்ளைப் பெயிண்டோ நகப்பூச்சோ ஒரு பொட்டு வையுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு பின்னாக எண்ணுங்கள். பொட்டு திரும்பி வரும்போது உள்ள எண்தான் கண்ணிகளின் எண்ணிக்கை. பத்துக்கொரு தரம் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் நடுவில் யாராவது கூப்பிட்டாலும் கணக்கு தவறாது. விடை எப்போதும் இரட்டைப்படை எண்ணாக இருக்கும். ரோலர் உள்ள உள்கண்ணியும் அவற்றைச் சேர்க்கும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் வேறு வழியில்லை. 115 என்று வந்தால் எங்கோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள், திரும்ப எண்ணுங்கள்.

புதியவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. கழற்றிப் போட்ட செயினைத் தரையில் வைத்து எண்ணினால் 115தான் வரும்! பதற வேண்டாம். செயின் லாக் என்று நாம் சொல்கிற அந்த இணைப்புத் துண்டும் ஒரு வெளிக்கண்ணிதான். அது கையில் இருக்கிறது. 115ம் லாக் ஒன்றும் சேர்ந்தால் 116. பின்களை எண்ணினாலும் அப்படியே. தரையில் இருக்கும் செயினில் 114 பின், லாக்கில் 2.

என் திண்ணைக் கதைக்கு வருவோம். என் வண்டிக்கு 116 கண்ணி. புதிதாக இருந்தபோது நீளம் 116 × 12.7, அதாவது ஏறக்குறைய 1473 மி.மீ. 2 சதவீதம் தேய்ந்து அது 29 மி.மீ. கூடியிருந்தது. இரண்டு கண்ணியின் நீளமே 25.4 மி.மீ.தான். ஆகவே பழையதோடு ஒப்பிட்டு வெட்டிய நான், 116க்குப் பதில் 118ஐ வெட்டி மாட்டிவிட்டேன். பழைய செயின் என்னிடம் பொய் சொல்லியது, நான் நம்பினேன்.

கூடுதலாக இரண்டு கண்ணி இருந்தால் சக்கரம் 12.7 மி.மீ. பின்னுக்குப் போகும். செயின் மேலும் கீழுமாக இரண்டு ஓட்டம் ஓடுவதால் நீளத்தில் கூடியதில் பாதிதான் சக்கர நகர்வு. என் வண்டியில் அச்சு நகரும் துளை மொத்தம் 28 மி.மீ. 116 கண்ணியில் அச்சு முன்முனையிலிருந்து 6 மி.மீ. தள்ளி நிற்கும், இறுக்க 22 மி.மீ. மிச்சம். செயின் தன் ஆயுள் முழுக்கத் தேய்ந்தாலும் 15 மி.மீ. போதும். 118இல் மிச்சம் 9 மி.மீ.தான். நல்ல செயினை இடமில்லாமல் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

கையேடும் இல்லை, பழைய செயினையும் யாரோ ஏற்கெனவே தப்பாக வெட்டியிருக்கிறார்கள் என்றால் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அச்சை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு, முன் பல்சக்கரத்தின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை டேப்பால் அளங்கள். என் வண்டியில் 550 மி.மீ. முன்னால் 14 பல், பின்னால் 42 பல்.

முதலில் தூரத்தை இரட்டித்து 12.7ஆல் வகுக்க வேண்டும்: 1100 ÷ 12.7 = 86.61.

அடுத்து இரு சக்கரங்களின் பற்களைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும்: 56இல் பாதி 28.

மூன்றாவது ஒரு சின்னத் திருத்தம். பற்களின் வித்தியாசம் 28ஐ 6.28ஆல் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்கினால் 19.88. அதை, தூரத்தை 12.7ஆல் வகுத்த எண்ணால், அதாவது 43.31ஆல், வகுத்தால் 0.46.

மூன்றையும் கூட்டினால் 115.07. அதற்கு மேலுள்ள முதல் இரட்டைப்படை எண் 116. அதுதான் விடை. 520 போன்ற செயின் என்றால் 12.7 வரும் இடத்தில் 15.875 போடுங்கள், மற்றதில் மாற்றமில்லை.

பல்லின் எண்ணிக்கையை மாற்ற நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசியம். இரண்டு பல் கூட்டினால் ஏறக்குறைய ஒரு கண்ணி கூடும். நான் பின்னால் 44 பல் போட்டால் விடை 116.14 ஆகிவிடும், 116 கண்ணி அரை விரல்கூட இல்லாத தூரத்தில் எட்டாமல் நிற்கும். 118 தேவைப்படும். செயினை வெட்டிய பிறகு இது தெரிவதைவிட முன்பே தெரிவது நல்லது.

கையை வைக்கும் முன்

சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். துணியின் நூல் பல்லில் சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். எண்ணெய் விடுவதோ, துடைப்பதோ, எண்ணுவதோ, எல்லாமே எஞ்சின் நின்றபிறகு, நியூட்ரலில், கையால் சக்கரத்தைச் சுற்றித்தான்.

வேண்டியவை: அச்சு நட்டுக்கும் பல்சக்கர போல்ட்டுக்கும் பொருந்துகிற ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், நோஸ் பிளையர், சுத்தியல், ஸ்டீல் ஸ்கேல், பழைய டூத் பிரஷ், மண்ணெண்ணெய், கந்தல் துணி. வெட்ட வேண்டியிருந்தால் செயின் பிரேக்கர் என்ற கருவி. எவ்வளவு இறுக்கினோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் பாக்கியம். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்குப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் வேண்டும், செங்கல் அடுக்கி நிறுத்தும் சாகசம் வேண்டாம். மொபைலையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டால், மாட்டும்போது "இந்த வாஷர் எங்கே இருந்தது" என்று தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

கழற்றும் வரிசை

பலரும் முதலில் செயினைக் கழற்றிவிட்டு அப்புறம் முன் பல்சக்கரத்துக்கு வருவார்கள். அப்போது போல்ட்டைத் திருப்பினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், பிடிமானம் இருக்காது. ஆகவே பழைய செயின் மாட்டியிருக்கும்போதே எஞ்சினின் இடப்பக்க மூடியைத் திறந்து, ஒருவரைப் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, முன் பல்சக்கர போல்ட்டுகளை முதலில் தளர்த்திவிடுங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம், தளர்ந்தால் போதும். சின்ன வண்டிகள் பலவற்றில் இரண்டு போல்ட்டும் ஒரு பூட்டுத் தகடும் இருக்கும். சிலவற்றில் நடுவே ஒரே பெரிய நட்டு, அதன்மேல் மடித்துவிட்ட வாஷர். வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்திய பிறகே நட்டைத் தொடுங்கள்.

மூடியைத் திறந்ததும் உள்ளே களிமண் மாதிரி கறுப்புச் சேறு அப்பியிருக்கும். பல வருட எண்ணெயும் மண்ணும் சேர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயால் கழுவிவிடுங்கள். எஞ்சினிலிருந்து வரும் தண்டைச் சுற்றி உள்ள ஆயில் சீல் ஈரமாகக் கசிகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அடுத்து அச்சு நட்டு. நட்டு கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் நேராக்கி உருவி எறியுங்கள், திரும்பப் பயன்படுத்த வேண்டாம், புதிது சில்லறைக் காசுதான். நட்டைத் தளர்த்தி, அச்சை நகர்த்தும் திருகுகளான இருபுற அட்ஜஸ்டரையும் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளுங்கள். செயின் தொங்கும். லாக்கைப் பின் பல்சக்கரத்தின்மேல் வரும்படி சுற்றி நிறுத்தி, நோஸ் பிளையரால் கிளிப்பை அழுத்தினால் நழுவி வரும். கிளிப் பறந்துபோய்ச் செடிக்குள் விழும் ஆபத்து உண்டு, இன்னொரு கையை மறைத்துப் பிடியுங்கள். லாக் இல்லாமல் ரிவிட் அடித்த செயின் என்றால் ஒரு வெளிக்கண்ணியின் இரண்டு பின் தலைகளையும் கிரைண்டரில் தேய்த்துவிட்டு, பிரேக்கரால் தள்ளி எடுக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கம் பொறி பறக்காதபடி ஈரத்துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள், கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

பல்சக்கரங்கள்

முன் பல்சக்கரத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. பழையது எந்தப் பக்கம் வெளியே பார்த்து இருந்ததோ புதியதும் அப்படியே. இரண்டு போல்ட் வகையில், முழுக்க இறுக்கிய பிறகும் சக்கரம் தண்டின்மேல் உள்ளும் புறமும் லேசாக ஆடும். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நான் முதல் தடவை மூன்று முறை கழற்றி மாட்டினேன். அந்த ஆட்டம் இயல்பானது.

பின் பல்சக்கரத்துக்குப் பின்சக்கரத்தையே கழற்ற வேண்டும். பல வண்டிகளில் பல்சக்கரம் ஒரு தனித் தாங்கியில் இருக்கும், அதை வெளியே இழுத்தால் ஹப்புக்குள் ரப்பர் துண்டுகள் தெரியும். டிரம் ரப்பர் என்பார்கள். கிளட்ச் விடும்போது வரும் உதைப்பை வாங்கிக்கொள்வது அவைதான். தாங்கியைப் பொருத்திக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். இவ்வளவு தூரம் கழற்றியாயிற்று, இன்னொரு நாள் இதற்காகவே திரும்பக் கழற்றுவானேன். பல்சக்கர நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

வெட்டுதல்

புதுச் செயினைச் சுத்தமான செய்தித்தாளில் நேராக நீட்டுங்கள். இரண்டு முனையும் உள்கண்ணியாக, அதாவது ரோலர் உள்ள கண்ணியாக, இருக்க வேண்டும். அப்போதுதான் லாக் இரண்டையும் சேர்க்கும்.

116 வேண்டும் என்றால் ஒரு முனையிலிருந்து 115 எண்ணுங்கள். முதலாவது உள்கண்ணி, 115ஆவதும் உள்கண்ணியாக வரும். 115க்கும் 116க்கும் நடுவில் உள்ள பின்தான் எடுக்க வேண்டியது. அதில் பொட்டு வையுங்கள். இப்போது எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மறுமுனையில் மிஞ்சும் துண்டை எண்ணுங்கள். 120 கண்ணிச் செயினில் லாக் இல்லாமல் 119. 115 போனால் மிச்சம் 4. நான்குதானா? அப்படியென்றால் வெட்டலாம். வீட்டில் வேறு யாரையாவது ஒருமுறை எண்ணச் சொன்னாலும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பின்னின் தலையைத் தகட்டோடு சமமாகும்வரை கிரைண்டரில் தேய்த்துவிட்டு, பிரேக்கரை நேராக வைத்துத் திருகினால் பின் மறுபக்கம் வந்து விழும். தேய்க்காமல் திருகினால் பிரேக்கரின் ஊசிதான் உடையும். இரும்புத்தூள் செயினில் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். புதுச் செயின்மேல் பிசுபிசுவென்று இருக்கும் கிரீஸைக் கழுவ வேண்டாம், அது ஆலையில் போட்டு அனுப்பியது.

லாக் மாட்டுவது

செயினைப் பின் பல்சக்கரத்தின்மேல் போட்டு, இரு முனைகளும் அந்தப் பற்களிலேயே அடுத்தடுத்து உட்காரும்படி வையுங்கள். பற்களே இரண்டு முனைகளையும் சரியான தூரத்தில் பிடித்துக்கொள்ளும். லாக்கை உள்பக்கமிருந்து, சக்கரப் பக்கத்திலிருந்து, நுழைத்து வெளியே கொண்டுவாருங்கள். ஓ-ரிங் செயினாக இருந்தால் கூடவே நான்கு ரப்பர் வளையங்களும் கொஞ்சம் கிரீஸும் வரும். பின்களுக்குக் கிரீஸ் தடவி, இரண்டு வளையத்தை முதலில் போட்டு நுழைக்க வேண்டும், வெளியே வந்த பின்களில் மற்ற இரண்டையும் போட்டு அதன்மேல்தான் தகடு. வளையத்தை மறந்து தகட்டை மாட்டியவர்கள் உண்டு. அந்த மூட்டு மட்டும் சீக்கிரம் தேய்ந்து, செயினில் ஒரு முடிச்சு மாதிரி இறுகி நிற்கும்.

பின்னில் உள்ள பள்ளம் முழுதாக வெளியே தெரியும்வரை தகடு உள்ளே போக வேண்டும். பிறகுதான் கிளிப். மீன் வடிவத்தில் இருக்கும் அந்தத் துண்டுக்கு ஒரு பக்கம் மூடிய தலை, மறுபக்கம் பிளந்த வால். மூடிய தலை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் செயின் பின்னாலிருந்து முன்னால் போகிறது, ஆகவே லாக் மேலே இருக்கும்போது தலை ஹெட்லைட் பக்கம். அதே லாக் கீழே வரும்போது தலை பின்னால் பார்க்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். திருப்பி மாட்டினால், ஓடும்போது எதிரே வரும் கல்லோ குச்சியோ பிளந்த வாயில் பட்டுக் கிளிப்பைக் கழற்றிவிடும்.

பிளையரின் ஒரு தாடையை வாலிலும் மறு தாடையைப் பக்கத்துப் பின்னிலும் வைத்து மெதுவாக அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். இரண்டு பள்ளத்திலும் கிளிப் இறங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய லாக்கைப் புதுச் செயினில் போடவே கூடாது. சக்தி அதிகமான வண்டிகளில் ரிவிட் லாக் மட்டுமே அனுமதி. அதற்குத் தனிக் கருவியும் பின் விரிந்த அளவைப் பார்க்க வெர்னியரும் வேண்டும். சுத்தியலால் தட்டி ஒப்பேற்றும் வேலை இல்லை அது. கருவி இல்லாவிட்டால் அந்த ஒரு படியை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

தொய்வு, நேர்கோடு

செயின் கம்பி மாதிரி இறுகி இருந்தால்தான் நல்லது என்று நினைப்பது புதியவர்களின் இயல்பு. உண்மையில் தொளதொளப்பைவிட அதிக இறுக்கம்தான் கெடுதல். பின் சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அதைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்ம் ஆடுகிறது. முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் மூட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் தூரம் மிக அதிகம். அப்போது இழுத்துக்கொடுக்கச் செயினில் தொய்வு இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்தான் அடி வாங்கும்.

எவ்வளவு தொய்வு வேண்டும் என்பது ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மி.மீ.க்குள் ஏதோ ஒரு அளவு. சென்டர் ஸ்டாண்டில் பார்க்க வேண்டுமா, சைடு ஸ்டாண்டிலா என்பதையும் அங்கேயே சொல்லியிருப்பார்கள். கீழ் ஓட்டத்தின் நடுவில் ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து, விரலால் கீழே அழுத்தி ஒரு எண், மேலே தூக்கி ஒரு எண், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொய்வு. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே இந்த அளவு வர வேண்டும்.

இருபுற அட்ஜஸ்டரையும் அரைச் சுற்று, கால் சுற்று என்று சமமாகத் திருகுங்கள். ஸ்விங் ஆர்மில் கோடுகள் இருக்கும். அவற்றை மட்டும் நம்பாமல், இருபுறமும் ஸ்விங் ஆர்ம் மூட்டின் நடுவிலிருந்து அச்சின் நடு வரை டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். பிறகு வண்டிக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிச் செயினின் மேல் ஓட்டத்தைப் பாருங்கள். பல்சக்கரத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் நேரே போக வேண்டும். ஒரு பக்கம் ஒடிந்து திரும்பினால் சக்கரம் கோணலாக நிற்கிறது.

அச்சு நட்டை இறுக்கும்போது சக்கரம் லேசாக நகர்ந்து, நீங்கள் வைத்த அளவு மாறிவிடும். அதற்கு ஒரு சின்ன உபாயம்: மேல் ஓட்டத்தில் செயினுக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவே சுருட்டிய துணியை வைத்துச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால், துணி உள்ளே சிக்கி, அச்சை அட்ஜஸ்டரோடு ஒட்ட வைத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படியே நட்டை இறுக்குங்கள். சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றித் துணியை எடுத்துவிட்டு, தொய்வை இன்னொரு தடவை அளவுங்கள், ஸ்பிளிட் பின்னை மாட்டுங்கள்.

டிரம் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே நிறுத்திவிடக் கூடாது. சக்கரம் நகர்ந்ததால் பிரேக் கம்பியின் நீளம் மாறியிருக்கும். பெடலின் ஆட்டத்தைச் சரிசெய்து, பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டு இறுகியிருக்கிறதா, பிரேக் விளக்கு சரியான நேரத்தில் எரிகிறதா என்று பார்த்த பிறகே தெருவில் இறங்குங்கள்.

முதல் சில நாட்கள்

முதலில் தெருவையே ஒரு சுற்று, மெதுவாக. ஏதாவது தட்டும் சத்தம் வந்தால் நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கிளிப் இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், 300 கி.மீ. வாக்கில் ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும். அதன்பின் 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே, எண்ணெய் விடுங்கள். 90 நம்பர் கியர் ஆயில் போதும், செயின் ஸ்பிரேயும் நல்லதுதான். ஓட்டி முடித்து, செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது உள்பக்கமாக விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, மிஞ்சியதைக் காலையில் துடைத்துவிட வேண்டும். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவினாலோ கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலோ ரப்பர் போய்விடும். மண்ணெண்ணெயும் டூத் பிரஷ்ஷும்தான் அதற்குச் சரி.

கடைசியாக ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, பக்க மூடியின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள். என் வண்டியில் இப்படி இருக்கிறது: 428எச், 116 கண்ணி லாக்கோடு, 14–42. அதன் கீழே மாற்றிய அன்றைய கிலோமீட்டர்.